வெங்காய வளையமும் மிஞ்சிய எண்ணெயும்

தலைநகர் வாழ் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. முருங்கைக்காய், வாழைப்பூ, சேனைக்கிழங்கு, சின்ன வெங்காயம், தேங்காய் எண்ணெயில் வறுத்த நேந்திரங்காய் வறுவல் என்று ஊரை நினைவூட்டும் எதைத் தேடினாலும் நம் கால் முதலில் போகும் இடம் அதுதான். லட்சுமிபாய் நகர், சரோஜினி நகர், நேதாஜி நகர், கித்வாய் நகர் என்று சுற்றியிருந்த அரசுக் குடியிருப்புகளில் நம்மவர்கள் நிறைந்திருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சந்துகளில் தமிழ் காதில் விழாமல் நடக்க முடியாது. அந்தப் பழைய குடியிருப்புகளில் பலவும் இடிக்கப்பட்டு, அங்கே அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. நம்மவர்கள் துவாரகா, மயூர் விஹார், நொய்டா, குர்காவ் என்று சிதறிவிட்டார்கள். ஆனால் 2010-ல் மஞ்சள் தடத்திலும் 2018-ல் இளஞ்சிவப்புத் தடத்திலும் மெட்ரோ ரயில் வந்துவிட்டதால், பையைத் தூக்கிக்கொண்டு ஐ.என்.ஏ.வுக்கு வருவது இன்னும் நிற்கவில்லை.

அந்தப் பையில் போகும் சாமான்கள்தான் மாறியிருக்கின்றன. அப்பளமும் வடகமும் வாங்கியவர்கள் இப்போது ரொட்டித் தூளும் உறைநிலை ஆனியன் ரிங்ஸ் பாக்கெட்டும் சேர்த்து வாங்குகிறார்கள். இளவட்டங்கள் வாங்கினால் வியப்பில்லை. நரைத்த தலைகளும் வாங்குகின்றன. விசாரித்தால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருக்கும் பிள்ளை ஒரு ஏர் ஃப்ரையர் வாங்கி அனுப்பியிருக்கிறான், அதைச் சும்மா வைத்திருக்க மனமில்லை.

இந்த ஏர் ஃப்ரையர் விஷயத்தில் நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. "எண்ணெயே இல்லாமல் பஜ்ஜி போடலாம், இனி மாரடைப்புப் பயமில்லை" என்பது ஒரு கட்சி. "வாணலியில் பொரியாதது பஜ்ஜியா? இதெல்லாம் பணக்காரப் பொம்மை" என்பது மறு கட்சி. இரண்டு கட்சியினரும் பேச வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ பேசுகிறார்கள் என்பது என் தாழ்மையான கருத்து. பஜ்ஜியை இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. எந்திரத்தை மீட்பராக்கவும் வேண்டியதில்லை. பஜ்ஜி போட்ட பிறகு வாணலியில் மிஞ்சும் எண்ணெயைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். அது ஏன் மிஞ்சுகிறது என்று கேட்டால், நம் வீடுகள் எப்படி மாறிவிட்டன என்ற கதையும் கூடவே வந்துவிடும்.

வாணலி யாருக்கு?

நம் தாய்மார்கள் பஜ்ஜி போட்ட வீடுகளில் எட்டுப் பேர், பத்துப் பேர் இருந்தார்கள். மழை பெய்தால் அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். அரை லிட்டர் எண்ணெய் வைத்தால் ஐம்பது, அறுபது பஜ்ஜி பொரியும். எண்ணெய் குறையக் குறைய மேலே ஊற்றுவார்கள். கடைசியில் அடியில் நிற்கும் கொஞ்சம் எண்ணெய் மறுநாள் தாளிக்கவும் தோசைக்கல்லில் தடவவும் சரியாகப் போய்விடும். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது என்று யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. காய்ச்ச எண்ணெய் மிஞ்சவில்லை, அவ்வளவுதான்.

இன்று தில்லியில் எத்தனை வீடுகளில் கணவன், மனைவி இருவர் மட்டுமே இருக்கிறார்கள் என்று நம் சங்க உறுப்பினர்களிடையே எண்ணிப் பார்த்தாலே போதும். இருவருக்கும் சேர்த்து எட்டு பஜ்ஜி. அந்த எட்டுக்கும் வாணலி கேட்கும் எண்ணெய் கிட்டத்தட்ட அதே அளவுதான். பஜ்ஜி முங்கினால்தானே வேகும்? பஜ்ஜி குடித்தது போக எண்ணெயின் பெரும் பகுதி அப்படியே நிற்கிறது. லிட்டர் விலை தெரிந்தவர்கள் அதைச் சாக்கடையில் கொட்ட மாட்டார்கள். வடிகட்டித் தூக்கில் ஊற்றி வைப்பார்கள். புதன்கிழமை அப்பளம், சனிக்கிழமை வடை, மறு வாரம் பூரி. நான்காம் முறையில் அந்த எண்ணெய் கறுத்து, கெட்டிப்பட்டு, நுரைத்து, சீக்கிரமே புகையத் தொடங்குகிறது.

இப்படி மீண்டும் மீண்டும் காய்ந்த எண்ணெய் உடம்புக்கு ஆகாது என்பது பாட்டி வைத்தியம் மட்டும் அல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2018 ஜூலை 1 முதல் உணவு விடுதிகளுக்கு ஒரு வரம்பு விதித்திருக்கிறது: பொரிக்கும் எண்ணெயில் 'போலார்' சேர்மங்கள் எனப்படும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் மேற்கொண்டு சமைக்கக் கூடாது. அதே ஆண்டில், பயன்படுத்திய எண்ணெயைத் திரட்டி பயோடீசல் செய்யும் திட்டமும் தொடங்கப்பட்டது. ஓட்டலுக்கு ஆய்வாளர் வரலாம், அளவு பார்க்கும் கருவியும் வரலாம். நம் வீட்டு அடுக்களைத் தூக்கை யார் வந்து சோதிக்கப் போகிறார்கள்? ஐ.என்.ஏ.வுக்கு அடுத்த மெட்ரோ நிலையமே எய்ம்ஸ்தான். அந்த ஒரு நிறுத்தத் தூரத்தை நாம் வீட்டிலேயே நான்கு முறை காய்ந்த எண்ணெயால் கடந்துவிடுகிறோம்.

இதற்குப் பயந்தவர்கள் வேறொரு வழியைப் பிடித்துக்கொண்டார்கள். அது எனக்கு இன்னும் வருத்தம் தருவது. பொரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். மாலை நான்கு மணிக்கு காபி, தட்டில் இரண்டு மாரி பிஸ்கட், எதிரே தொலைக்காட்சி. சிற்றுண்டி நின்றதோடு, அதைச் செய்யும்போது நடந்த பேச்சும் நின்றுபோயிற்று. டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். நாம் மாலைப் பொழுதையே குறைத்துக்கொண்டோம். ஏர் ஃப்ரையருக்கு நம் வீட்டில் இடம் உண்டா என்ற கேள்வியை இந்த இடத்தில் நின்றுதான் கேட்க வேண்டும்.

எந்திரம் என்ன செய்கிறது?

பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். இது பொரிக்கும் சட்டி அல்ல. சின்னஞ்சிறு அடுப்புப் பெட்டி. மேலே சூடேறும் கம்பி, அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே துளையிட்ட கூடை. சூடான காற்று கூடையைச் சுற்றிச் சுற்றி வேகமாக அடிக்கிறது. 2010-ல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இதை இந்தப் பெயரில் அறிமுகம் செய்தபோது பெயர்தான் புதிது. விசிறி வைத்த அடுப்புப் பெட்டி அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. ஆகவே வீட்டில் விசிறியுள்ள ஓ.டி.ஜி. அடுப்பு இருந்தால், சற்றுக் கூடுதல் நேரத்தில் அதுவே இந்த வேலையைச் செய்துவிடும். புதிதாக ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை.

காய்ந்த எண்ணெயில் மாவு தோய்த்த வெங்காயத்தைப் போட்டால், எண்ணெய் அதை எல்லாப் பக்கமும் அணைத்துக்கொண்டு ஒரே நொடியில் மேல்மாவை இறுக்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் குமிழியிட்டு வெளியேறுகிறது. காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. எண்ணெயைப் போலச் சூட்டை அள்ளிக் கொடுக்க அதனால் முடியாது. தளர்ந்த பஜ்ஜி மாவு இறுகுவதற்குள் கூடைத் துளை வழியாக ஒழுகிவிடும். ஒழுகாததை விசிறி வாரியடிக்கும். ஏர் ஃப்ரையரில் பஜ்ஜி போடலாம் என்பவர்கள் கடைசியில் கூடையைச் சுரண்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். பஜ்ஜி பஜ்ஜியாகவே இருக்கட்டும். அதை இந்த எந்திரத்தில் போட்டுப் பஜ்ஜியையும் கெடுத்து, எந்திரத்தின் பெயரையும் கெடுக்க வேண்டாம்.

காற்றுக்கு ஏற்ற பண்டம் வேறு. மேல்பூச்சு ஈரமாக இல்லாமல் உலர்ந்த தூளாக இருக்க வேண்டும். ரொட்டித் தூள், ரஸ்க் தூள், நொறுக்கிய அவல் எல்லாம் ஏற்கெனவே ஒருமுறை சூடு கண்டவை. அவற்றுக்குத் தேவை கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் சூடும்தான். அதனால்தான் வெங்காயத்தை மாவில் முக்கிச் செய்யும் பஜ்ஜி இதில் தோற்கிறது. வளையமாகப் பிரித்து, தூளில் புரட்டிச் செய்யும் ஆனியன் ரிங்ஸ் ஜெயிக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

வளையம் செய்யும் வகை

வெங்காயம் பெரிதாக, கெட்டியாக இருக்கட்டும். கோடையில் அறுவடையாகிச் சேமிப்பில் இருந்து வரும் ரபி வெங்காயம் இறுக்கமானது, நாள்படத் தாங்குவது. ஐப்பசி, கார்த்திகையில் வரும் புது வெங்காயத்தில் ஈரம் அதிகம், மொறுமொறுப்பைக் கெடுக்கும். சுண்டு விரல் கனத்துக்கு வட்டமாக நறுக்கி, வளையங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் கண்ணாடிக் காகிதம் போல ஒரு மெல்லிய தோல் இருக்கும். பொறுமையாக அதை உரித்துவிட்டால் மாவு பிடித்துக்கொள்ளும்; விட்டுவிட்டால் கடிக்கும்போது வெங்காயம் தனியே வழுக்கி வந்துவிடும், கையில் வெறும் கூடுதான் மிஞ்சும்.

வெளி வளையங்கள்தான் இதற்கு ஏற்றவை. நடுவில் உள்ள சிறியவற்றை எறிந்துவிடாமல் சாம்பாருக்கோ சட்னிக்கோ எடுத்து வையுங்கள். 1998-ல் வெங்காய விலை ஏறியதற்காக ஆட்சியையே மாற்றிய ஊர் தில்லி. இங்கே வெங்காயத்தை வீணடிக்கக் கூடாது.

பிரித்த வளையங்களைக் குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் போட்டால் காரம் தணியும். பிறகு துணியில் ஒற்றி நன்றாக ஈரம் போக்க வேண்டும். வெங்காயத்தில் உப்புப் போடக் கூடாது. அது நீரை வெளியே இழுத்துவிடும். உப்பு மாவில்தான் சேர வேண்டும்.

மூன்று தட்டுகள் வேண்டும். முதல் தட்டில் அரிசி மாவு, உப்பு, மிளகாய்த் தூள், ஒரு சிட்டிகை பெருங்காயத் தூள். இரண்டாவதில் கடலை மாவைத் தயிரில் கெட்டியாகக் கரைத்த கலவை. கரண்டியில் எடுத்தால் மெதுவாக இறங்க வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் முட்டை சொல்வார்கள். நமக்குத் தயிரே போதும். மூன்றாவதில் ரஸ்க் தூளும் வறுத்த ரவையும் சம அளவு. இந்தத் தூளை முன்கூட்டியே இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டு வாணலியில் இளம்பொன்னிறமாகப் பிரட்டி வைத்துக்கொள்வதுதான் இதில் உள்ள சூட்சுமம். எண்ணெய் அறவே படாவிட்டால் மாவு வெளுத்துப் பச்சை வாடை அடிக்கும். 'எண்ணெயே வேண்டாம்' என்று விளம்பரத்தில் சொல்வதை நம்பியவர்கள் சுண்ணாம்புக் கட்டி போல எதையோ தின்றுவிட்டு எந்திரத்தைப் பரணில் ஏற்றிவிட்டார்கள்.

வளையத்தை முதலில் உலர்ந்த மாவில், பிறகு கலவையில், கடைசியில் தூளில் புரட்டி, பத்து நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பூச்சு இறுகும். எந்திரத்தை 200 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கிவிட்டு, வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காக வைக்க வேண்டும். நெருக்கினால் ஆவி வெளியேற வழியில்லாமல் எல்லாம் நமத்துப்போகும். எட்டு முதல் பத்து நிமிடம். நடுவில் ஒருமுறை திருப்பிவிட வேண்டும். பொன்னிறம் வந்ததும் நிறுத்திவிடுங்கள், கருக விட வேண்டாம். மாவுப் பண்டங்களை அதிகச் சூட்டில் சிவக்க வைத்தால் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்று 2002-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். சூட்டுக்கு எண்ணெய், காற்று என்ற பேதமில்லை. இந்த எந்திரத்திலும் கருகினால் கேடுதான்.

இருவர் சாப்பிட இரண்டு ஈடு போதும். 1500 வாட் எந்திரம் இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட் மின்சாரம். எண்ணெய் இரண்டு டீஸ்பூன். மிச்சம் ஏதும் இல்லை. வடிகட்டவோ தூக்கில் ஊற்றி வைக்கவோ ஒன்றும் கிடையாது. ஆனால் எடுத்த கையோடு சாப்பிட்டுவிட வேண்டும்; பத்து நிமிடம் ஆறினால் மொறுமொறுப்பு போய்விடும். அடுக்களையில் நின்றபடியே சாப்பிடுவது உத்தமம்.

இன்னொன்றும் உண்டு. மூன்று தட்டு வேலையை ஒருவரே செய்தால் இரண்டு கையிலும் மாவு அப்பிக்கொள்ளும். ஒருவர் உலர்ந்த தட்டு, ஒருவர் ஈரத் தட்டு என்று பிரித்துக்கொண்டால் வேலை சுலபம். நாற்பது வருடம் கோப்பு தள்ளி ஓய்வு பெற்ற கைகள் இந்த ஒரு தட்டையும் தள்ளலாமே! தொலைக்காட்சி எதிரே இரண்டு பிஸ்கட்டுடன் தனித்தனியே உட்கார்ந்திருந்த இருவரை அரை மணி நேரம் ஒரே மேடை முன் நிறுத்தும் என்றால், இந்தப் பெட்டிக்கு அதுவே போதுமான பெருமை.

பாக்கெட்டுக்கு ஏமாற வேண்டாம்

இத்தனை பாடு எதற்கு, ஐ.என்.ஏ.வில் பாக்கெட் கிடைக்கிறதே என்பார்கள். உறைநிலையில் விற்கும் ஆனியன் ரிங்ஸ் பெரும்பாலும் ஆலையிலேயே ஒருமுறை எண்ணெயில் அரைவேக்காடாகப் பொரிக்கப்பட்டவை. பாக்கெட்டின் பின்புறம் சின்ன எழுத்தில் சமையல் எண்ணெய் என்றோ பாமாயில் என்றோ இருக்கும். மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்துப் பாருங்கள். அது நம் வீட்டுக் கூடையில் மொறுமொறுப்பாக வருவதற்கும் அந்த எண்ணெய்தான் காரணம். இதை வாங்கிச் சுட்டுவிட்டு 'எண்ணெய் இல்லாமல் செய்தேன்' என்று பேரக் குழந்தைகளுக்குக் கொடுப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. எந்திரம் வாங்கியதன் பயன், எவ்வளவு எண்ணெய், எவ்வளவு உப்பு என்பதை நம் கையே முடிவு செய்வதில் இருக்கிறது. பாக்கெட் வாங்கினால் அந்தக் கை வேறு யாருடையதோ.

எண்ணெயைக் குறைப்பது வீட்டுக்கு மட்டும் ஆகும் காரியமும் அல்ல. நம் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியாகிறது. 2025 பிப்ரவரியில் பிரதமர் தமது வானொலி உரையில், ஒவ்வொரு குடும்பமும் எண்ணெயைப் பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். தாளிப்பதில் சொட்டுச் சொட்டாகக் குறைப்பது கடினம். மிஞ்சி, கறுத்து, கொட்டப்படும் எண்ணெயைக் குறைப்பது எளிது.

பஜ்ஜிக்கு ஒரு நாள்

அப்படியானால் வாணலியை ஐ.என்.ஏ.யின் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாமா? கூடவே கூடாது. ஆடி மாத மழையில், தை மாதப் பனியில், வாழைக்காய் பஜ்ஜிக்கும் வெங்காய பஜ்ஜிக்கும் ஈடாக எந்த எந்திரமும் எதையும் தந்துவிட முடியாது. 'சிறிய வாணலி வாங்கிக்கொண்டால் ஆயிற்று' என்பாரும் உண்டு. எண்ணெய் குறைவாக இருந்தால், பண்டத்தைப் போட்டதும் சூடு சட்டென்று இறங்கிவிடும். அப்போது பஜ்ஜி பொரியாமல் எண்ணெயைத்தான் குடிக்கும். நிறைய எண்ணெய், நிறையப் பேர், ஒரே நாளில் தீர்ந்துவிட வேண்டும் — வாணலியின் தர்மம் இதுதான்.

ஆகவே என் யோசனை எளியது. வீட்டில் இருவர் மட்டும் இருக்கும் நாளில் வளையம். பலர் கூடும் நாளில் பஜ்ஜி. ஒரே குடியிருப்பிலோ பக்கத்துத் தெருக்களிலோ உள்ள நான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு மாலை ஒரு வீட்டில் வாணலி வைக்கட்டும். அடுத்த மாதம் அடுத்த வீடு. புது எண்ணெய் வைத்து, அன்றே தீர்த்துவிட வேண்டும். நம் சங்க விழாக்களில் சிற்றுண்டி ஏற்பாடு செய்வோரும் இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம்: எங்கள் கண் முன் புது டின் திறக்கப்பட வேண்டும், விழா முடிந்ததும் மிஞ்சியதை மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது. இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. நம் விழாக்களுக்கு வருவோரில் பாதிப் பேர் சட்டைப் பையில் மாத்திரையோடு வருகிறார்கள்.

தனிக் குடும்பமாகிவிட்டோம், பிள்ளைகள் தூரம் போய்விட்டார்கள் என்பது இனி மாறப் போவதில்லை. அந்த நிலைமைக்கு ஏற்ற பாத்திரத்தை அடுக்களையில் வைத்துக்கொள்வதால் நம் பண்பாடு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் அந்தப் பாத்திரம் இருக்கிறதே என்று கூடிச் சாப்பிடும் நாள்களை விட்டுவிட்டால் குறைந்துவிடும். அடுத்த முறை ஐ.என்.ஏ.வில் வெங்காயம் பொறுக்கும்போது, பெரியதாக நான்கை வளையத்துக்கு எடுத்து வையுங்கள். இரண்டு கிலோ கூடுதலாகவும் வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டாரை ஞாயிற்றுக்கிழமை பஜ்ஜிக்கு வரச் சொல்லுங்கள்.